வாவியில் விழுந்த பீடக்கல்

எங்கள் கோயிலில் பீடம் என்று இருந்தது ஒரு முதிரை மரத்து மேசை. அதன் கால்களில் ஒன்று கட்டை. அதற்கு அடியில் ஓட்டுத்துண்டு வைத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். சுவர் மண், கூரை தென்னங்கிடுகு. மேசைக்குப் பின்னால் அர்ச்சியசிஷ்ட செபஸ்தியாரின் சுரூபம் நின்றது. மரத்தில் கட்டப்பட்டு, உடம்பில் அம்பு தைத்த கோலம். உரோமாபுரி இராயனின் படையில் சேவித்தவர், கிறிஸ்து வேதத்தை மறுதலிக்கமாட்டேன் என்றதால் கொல்லப்பட்டவர் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மை போட்ட வீட்டார் அவருக்குத்தான் நேர்த்தி வைப்பார்கள்.

அந்த ஊர் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த ஒரு மணல் திடல். நாற்பது வீடு இருக்கும். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஐந்தாறு வருடம் முந்தி அங்கிருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நான் ஆசிரியையாகப் போனேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கோயிலை நிருவகித்த மூப்பரின் வீட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தோடு கோயில் சீலைகளைத் தோய்த்து, கஞ்சி போட்டு, பூசைக்கு மேசையை ஆயத்தம் பண்ணும் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது.

சுவாமியார் மாதத்தில் ஒரு முறை பட்டணத்திலிருந்து தோணியில் வருவார். வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர் ஆகையால் எழுதுவது போலவே பேசுவார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அவரை ஏற்றி வருகிறவர் ஏறாவூர்க்காரர், முஸ்லிம், ஐம்பது வயதுக்கு மேல். அண்ணன் முறை வைத்து நாங்கள் அவரைக் காக்கா என்போம். பூசைச் சாமான்கள் ஒரு தகரப் பெட்டியில் வரும். பாத்திரம், உடுப்பு, மெழுகுதிரி, புத்தகம், அவற்றோடு மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு தட்டைக் கல். சிலேட்டளவு அகலம், இரண்டு விரற்கடை கனம். நாலு மூலையிலும் நடுவிலும் சிறிய சிலுவைக் குறிகள் வெட்டியிருந்தன. கல்லை மேசை நடுவே வைத்து அதன்மேல் மூன்று சீலை விரிக்க வேண்டும். இரண்டு வருடம் அதைச் செய்தேன். ஏன் கல் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் துடைக்கும்போது நடுச் சிலுவைக்குக் கீழே வேறு நிறத்தில் சின்னச் சதுரமாக ஒரு மூடி பதித்திருப்பதைக் கண்டேன். சுவாமியாரிடம் காட்டினேன்.

"அதனுள் ஒரு மனிதர் இருக்கிறார்" என்றார் அவர்.

பிறகு விளக்கமாகச் சொன்னார். உரோமையில் வேதத்துக்காகச் செத்தவர்களை விசுவாசிகள் நிலத்துக்குக் கீழே குடைந்த சுரங்கங்களில் அடக்கினார்கள். வருடா வருடம் அவர்கள் செத்த நாளில் அங்கே கூடி, கல்லறை மூடியையே மேசையாக வைத்துப் பூசை செய்தார்கள். அன்று முதல், அப்படிச் செத்த வேதசாட்சி ஒருவரின் எலும்பு இல்லாத பீடத்தில் பூசை செய்வதில்லை. பெரிய கோயில் என்றால் பீடத்திலேயே வைத்துக் கட்டிவிடுவார்கள். எங்களைப் போன்ற ஊர்களுக்கு எலும்பைக் கல்லில் அடக்கி, மேற்றிராணியார் என்கிற ஆயர் மந்திரித்துக் கொடுப்பார்.

"எவ்வளவு பெரிய எலும்பு சாமி?"

"எள்ளளவு. அர்ச்சியசிஷ்டரின் எலும்பாகிய அருளிக்கத்துக்கு அளவு கணக்கில்லை."

"ஆருடைய எலும்பு?"

"பட்டணத்தில் ஒரு கடதாசியில் பெயர் எழுதியிருக்கிறது. பார்த்துச் சொல்கிறேன்."

அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். மூப்பரின் மனைவியிடம் மட்டும் அன்றைக்கே சொன்னேன். அவ நெல் புடைத்துக்கொண்டிருந்தா. "ஓமா?" என்று கேட்டுவிட்டுப் புடைத்துக்கொண்டே இருந்தா.

செபஸ்தியார் திருநாள் தை மாதத்தில் வரும். மூன்றாம் வருடம் திருநாளுக்கு முதல் நாள் மழை விட்டும் விடாமலும் இருந்தது. வாவி நிறைந்து, துறையில் கட்டியிருந்த கட்டைகள் தண்ணீருக்குள் போயிருந்தன. பின்னேரம் தோணி வருவது தெரிந்து நாங்கள் கரைக்குப் போனோம். துறைக்கு ஐம்பது பாகம் தூரம் இருக்கும்போது கடல் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. சுவாமியார் பெட்டியைப் பிடிக்க எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தோணி ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரை அள்ளிக் கவிழ்ந்தது.

அந்த இடத்தில் கழுத்தளவு ஆழம். மூப்பரின் மக்களும் இன்னும் சிலரும் பாய்ந்து சுவாமியாரைக் கொண்டுவந்தார்கள். காக்கா நீந்தி வந்தார். பெட்டி மூடி திறந்துபோய் மெழுகுதிரிகள் மிதந்தன. உடுப்பு, பாத்திரம், புத்தகம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. சுவாமியார் நனைந்த அங்கியோடு மணலில் உட்கார்ந்து அவற்றைத் தடவிப் பார்த்தார்.

"கல் எங்கே?" என்றார்.

மைம்மல் இருட்டாகும் மட்டும் முங்கித் தேடினார்கள். அடியில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. கல் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை கோயில் நிறைய ஆட்கள். செங்கலடியிலிருந்தும் உறவுக்காரர் வந்திருந்தார்கள். மேசையில் நான் சீலை விரிக்கவில்லை. சுவாமியார் முன்னே வந்து, பூசை இல்லை, செபம் மட்டும் சொல்வோம் என்றார். அவருக்குக் காய்ச்சல். குரல் அடைத்திருந்தது.

மூப்பர் எழும்பினார். "சாமி, நாங்க ஒரு வருசமா காத்திருந்த திருநாள். மேசை இரிக்கு, பாத்திரம் இரிக்கு, நீங்க இரிக்கிறீங்க. ஒரு கல்லு இல்லாததுக்குப் பூசை இல்லண்டா என்ன ஞாயம்?"

"கல்லுக்காக அல்ல" என்று சுவாமியார் தொடங்கி, முன்பு என்னிடம் சொன்னதை எல்லோருக்கும் சொன்னார். நேற்று வாவியில் விழுந்தது ஒரு வேதசாட்சியின் கல்லறை என்றார்.

இத்தனை வருடமாக அந்த மேசைக்கு முன்னால் முழங்காலில் நின்றவர்கள் அவர்கள். செபஸ்தியாரைப் பார்த்துத்தான் மன்றாடினார்கள். அவருக்குக் கீழே இன்னொருவர் இருந்தது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்த நான் சொன்னதும் ஒருத்தரிடம் மட்டுந்தான். மூப்பரின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தா.

பின்னால் இருந்து ஒரு பொம்பிளை கேட்டா: "ஆம்பிளையா பொம்பிளையா சாமி?"

"எனக்குத் தெரியாது, அம்மா" என்றார்.

சகல அர்ச்சியசிஷ்டர் பிரார்த்தனை சொன்னோம். முடிந்ததும் வழக்கம் போலச் சுரூபத்தைத் தூக்கினார்கள். வழக்கமாக ஊரைச் சுற்றிக் கோயிலுக்குத் திரும்புவார்கள். அன்று யார் சொன்னார்களோ தெரியாது, முன்னால் தூக்கியவர்கள் துறைக்குப் போகும் பாதையில் திரும்பினார்கள். கரையில் சுரூபத்தைத் தண்ணீரைப் பார்க்க வைத்துவிட்டு எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். சுவாமியார் பின்னால் நடந்து வந்தார்.

திருநாளுக்கு வந்தவர்கள் போனபிறகும் காக்கா போகவில்லை. சுவாமியாரை வேறு தோணியில் அனுப்பிவிட்டு அவர் துறையிலேயே தங்கினார். காலையில் தண்ணீரில் இறங்கி, காலால் சேற்றைத் தடவித் தடவி நடப்பார். உடம்பு விறைத்தால் கரையேறி நெருப்புக் காய்வார். மூன்றாம் நாள் நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"காக்கா, உங்களில ஒருத்தரும் குற்றம் சொல்லல்ல. காத்து அடிச்சதுக்கு நீங்க என்ன செய்யிற? வீட்ட போங்க."

"குற்றம் சொல்லல்லதான் தங்கச்சி. ஆனா எத்தனை வருசமா அந்தப் பெட்டிய ஏத்தி வாறன். உள்ளுக்க ஒரு மனிசன் இரிக்கிறார் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லலயே. நான் அதுக்கு மேல காலப் போட்டுக்கிட்டு வந்திரிக்கன்."

"எங்களுக்கும் தெரியாது."

"என்ட தோணியில வந்த ஆள். இறக்கிவிடுற மட்டும் என்ட பொறுப்பு." தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தந்தார். "அவரு உங்கட வேதக்காரரா எங்கட வேதக்காரரா எண்டு நான் பாக்கல்ல."

ஒரு கிழமை தேடினார். பிறகு மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. முதலில் ஒரு பெண் துறையில் மெழுகுதிரி கொளுத்தினா. அடுத்த நாள் நாலைந்து பேர். பிறகு அது தினப்படி ஆயிற்று. தோணிக்காரர் அந்த இடத்தில் தாங்குகோல் ஊன்றுவதை விட்டார்கள். கோல் கல்லுக்குள் இருக்கிறவரில் குத்திவிடும் என்று சுற்றிப் போனார்கள். பக்கத்து ஊர்ச் சைவக்காரரும் அப்படியே செய்தார்கள். அவருக்குப் பெயர் இல்லாததால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாவியை ஆறு என்பதே ஊர் வழக்கம் ஆகையால் "ஆத்துச் சாமி" என்றார்கள் சிலர். பெண்கள் பெரும்பாலும் "அந்த ஆள்" என்பார்கள். "அந்த ஆளுக்கு ஒரு திரி வச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். செபஸ்தியார் கோயிலுக்குள் தனியே நின்றார்.

எனக்கு அதில் பெரிய பக்தி உண்டானது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வருடம் என் கையால் தூக்கி வைத்த கல்லுக்கு ஒரு முறையாவது தலை குனியவில்லையே என்று கூச்சமாக இருந்தது. நானும் சில நாள் போனேன்.

அடுத்த மாதம் சுவாமியார் வேறொரு கோயிலின் கல்லை இரவல் வாங்கிவந்தார். இம்முறை பெட்டியை மடியில் வைத்துக் கயிற்றால் இடுப்போடு கட்டியிருந்தார். பெயர்க் கடதாசியையும் பார்த்திருந்தார். இலத்தீனில் ஒரு பெயர். அதற்குச் சந்தோஷமாக இருப்பவன் என்று பொருள் என்றார்.

"அப்ப ஆம்பிளை" என்றேன்.

"உமக்கு மட்டும் சொல்கிறேன்" என்றார். "சுரங்கத்தில் எடுத்த எலும்புகளில் பலவற்றுக்குப் பெயர் இராது. பெயரில்லாமல் அனுப்பக்கூடாது என்று இப்படி நல்ல பொருளுள்ள பெயர் ஒன்றை எழுதிவிடுவார்கள். இவரும் அப்படியானவராக இருக்கலாம். அவருடைய தாய் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்."

பங்குனியில் கடல் அடங்கியதும் வாகரைப் பக்கமிருந்து கரைவலை இழுக்கிறவர்கள் வந்து கடற்கரையில் வாடி என்கிற ஓலைக்கொட்டில் போட்டார்கள். ஒவ்வொரு வருடமும் வருகிறவர்கள்தான். தையில் அவர்கள் இங்கே இல்லை. அவர்களில் ஒருத்தி, என்னைவிட இளையவள், சைவக்காரி, புருசன் பிடிக்கும் மீனில் விற்காததை வாவித் துறைக்குக் கொண்டுவந்து கழுவி வெட்டிக் கருவாடு போடுவாள். கையில் ஆறு மாதக் குழந்தை. பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று என்னோடு இரண்டு மூன்று தடவை கதைத்திருக்கிறாள்.

ஆனி மாதம், வாவி வற்றி ஓரத்தில் சேறு வெடித்திருந்தது. ஒரு நாள் பாடம் நடந்துகொண்டிருக்கையில் அவள் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை இல்லை. சீலைத் தலைப்பில் எதையோ பொத்திப் பிடித்திருந்தாள்.

"ரீச்சர், கொஞ்சம் வெளிய வாங்க."

பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டுப் போனேன். அவள் தலைப்பை விலக்கினாள். கல்.

"இதுவா அது?" என்றாள். "அந்தத் திரி கொளுத்துற அம்மா இண்டைக்குத்தான் சொன்னா, அஞ்சு சிலுவை போட்ட கல்லெண்டு. நான் பங்குனியில இறால் தடவக்குள்ள காலில பட்டது. நல்ல தட்டைக் கல்லெண்டு எடுத்து வச்சுக்கிட்டன். வெட்டு வெட்டாக் கிடந்தது, ஆரோ கத்தி தீட்டினதாக்கும் எண்டு நினைச்சன்."

"எடுத்து என்ன செய்தாய்?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "மீன் வெட்டினன், ரீச்சர். மூணு மாசமா அதிலதான் வெட்டினன்."

அந்த மூன்று மாதமும் ஊரார் துறையில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் இருபது பாகம் தூரத்துக்கு அப்பால் இருந்து அந்தக் கல்லில் செதிள் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கல்லைத் திருப்பிப் பார்த்தேன். சதுர மூடி இல்லை. இருந்த இடத்தில் குழி. குழிக்குள் சேறும் மீன் செதிளும் இறுகிக் கிடந்தன.

"மறுகா என்ன நடக்கும்?" என்றாள். "கத்தியால சுரண்டக்குள்ள நான் அவரையும் சுரண்டி எறிஞ்சிட்டனா?"

"எந்தப் பக்கம் போட்டு வெட்டினாய்?"

"ரெண்டு பக்கமும்தான்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இல்ல புள்ள" என்றேன். "தோணி கவிழக்குள்ளயே மூடி கழண்டிட்டு. அப்பவே ஆத்துக்குள்ள போயிட்டார். உன்ட கத்தி படல்ல."

எனக்கு அது தெரியாது. தெரிந்தவளைப் போலச் சொன்னேன். அவள் நம்பினாளா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு சட்டியில் கல்லை வைத்துக் குழியில் கிடந்ததை ஊசியால் கிளறிக் கழுவினேன். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்தேன். துணியில் சேற்று மண், செதிள், மணல். அவற்றுக்குள் வெள்ளையாக ஏழெட்டுப் பொடி. விரல் நுனியில் ஒட்டி எடுத்து வெயிலில் பார்த்தேன். சிப்பித் துண்டா எலும்பா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கடதாசியில் மடித்து, குச்சி முடிந்த நெருப்புப் பெட்டியில் போட்டு வைத்தேன்.

சுவாமியார் வந்தபோது கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது சிப்பி" என்றார். "இதுவும் சிப்பி. இது..." அதோடு நிறுத்திவிட்டார். அந்த ஒன்றை வெகுநேரம் பார்த்தார். "இதுவும் சிப்பியாக இருக்கலாம்."

செய்தி கேட்டு மூப்பர் ஓடிவந்தார். கல்லைக் கோயில் சுவரில் பதித்து, பொடியைக் கண்ணாடிச் சிமிழில் போட்டுச் சுரூபத்தின் காலடியில் வைப்போம் என்றார். சுவாமியார் சம்மதிக்கவில்லை. மூடி போன கல் இனி வெறுங்கல். சந்தேகமானதைக் காட்டி வணங்கச் சொல்லும் உரிமை தமக்கு இல்லை என்றார்.

"அப்ப வீசப் போறீங்களா சாமி?" என்று மூப்பர் சத்தம் போட்டார்.

"அதுவும் என்னால் இயலாது" என்றார் சுவாமியார்.

அன்று பின்னேரம் அவரே மண்வெட்டி எடுத்துப் போய், ஊரார் கல்லறைகள் இருந்த சேமக்காலையின் மூலையில் ஒரு முழ ஆழம் வெட்டி, நெருப்புப் பெட்டியை வைத்து மூடினார். சிலுவை நடவில்லை. வாய்விட்டுச் செபமும் சொல்லவில்லை. மூப்பர் வரவில்லை. நானும் அவரும் மட்டும் நின்றோம். திரும்பும்போது வேலிக்கு அப்பால் அந்த வாடிக்காரி குழந்தையோடு நிற்பதைக் கண்டேன். அவளும் என்னைக் கண்டாள். கிட்ட வரவில்லை.

அந்த மாதப் பாவசங்கீர்த்தனத்தில் நான் அவளிடம் சொன்னதைச் சொன்னேன். பொய்யா என்று கேட்டேன்.

"பொய் என்றும் உமக்குத் தெரியாது, உண்மை என்றும் தெரியாது" என்றார் சுவாமியார். "ஆனால் தெரிந்தவரைப் போலப் பேசினீர். அதற்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படும்." பாவமன்னிப்பு ஓதி முடித்ததும், "நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

காக்காவிடம் கல் கிடைத்த கதையைச் சொன்னபோது அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "கல்லு வந்திட்டு. ஆளு வரல்ல, அப்படித்தானே?" என்றார். அந்தத் தோணியை விற்கும் வரைக்கும் அவ்விடத்தைச் சுற்றித்தான் வந்தார். மற்றவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் பழையபடி நேரே கோல் ஊன்றிப் போகத் தொடங்கினார்கள். மெழுகுதிரியும் குறைந்து, யுத்தம் வந்து திரிக்குத் தட்டுப்பாடான காலத்தில் அடியோடு நின்றது.

வாடிக்காரி அடுத்த பங்குனியிலும் வந்தாள். குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தது. அவள் இப்போது பலகையில் வைத்து மீன் வெட்டினாள். வழியில் தட்டையாக ஒரு கல் கிடந்தால் குனிந்து புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவாள். என்னோடு முன்போலக் கதைத்தாள். அந்த விஷயத்தை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

எங்கள் கோயிலுக்கு வருட முடிவில் சொந்தமாகப் புதுக் கல் வந்தது. இம்முறை பெயரைச் சுவாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். கேட்டுவிட்டு எல்லோரும் மறந்துபோனார்கள். பழைய கல்லை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அசுத்தமான வேலைக்கு எடுக்காமல் எதற்கும் பாவிக்கலாம் என்றார். அதைப் பள்ளிக்கூடத்து மூலையில் போட்டு, பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர்ப் பானையை அதன்மேல் வைத்தேன். பானை மண்ணில் படாமல் நன்றாக இருந்தது.

யுத்தத்தின் நடுவே எனக்கு இடமாற்றம் வந்தது. எனக்குப் பிறகு வந்த ஆசிரியை சாமான்களை எண்ணிப் பொறுப்பாகப் பாரமெடுக்கும்போது, "இது என்ன கல்லு?" என்று கேட்டா. தோணி ஆயத்தமாக நின்றது. பானை வைக்கிற கல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.